வீட்டுக்குள் ஓடும் தையல் இயந்திரம்: நகரமைப்பு வரலாற்றில் விடுபட்ட ஒரு கணக்கு

நகரமைப்பு என்பது ஓர் ஊரின் நிலத்தில் எது எங்கே அமையலாம், தெரு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், நீர் எவ்வழி வந்து கழிவு எவ்வழி வெளியேற வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே வரைந்து, அந்த வரைபடத்துக்குச் சட்டத்தின் வலுவையும் சேர்க்கும் அரசுப் பணியாகும். பொது வீட்டுவசதி என்பது சொந்த முயற்சியில் வீடு வாங்கவோ கட்டவோ இயலாத மக்களுக்கு அரசு தன் செலவிலோ மானியத்திலோ வீடு அமைத்துத் தருவது. நகர்ப் புதுப்பிப்பு என்பது பழுதுபட்டதாகக் கருதப்படும் ஒரு பகுதியை இடித்தோ திருத்தியோ மறுபடி அமைப்பது. இம்மூன்றும் மேலைநாடுகளில் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகவும் தமிழகத்தில் நூறு ஆண்டுகளுக்குச் சற்று மேலாகவும் நடைபெற்று வருகின்றன. அவற்றின் வரலாறு பெரும்பாலும் சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய பெருநகரங்களை வைத்தே எழுதப்பட்டுள்ளது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் என விரியும் கரிசல் வட்டாரத்தின் ஊர்களில் ஒன்றை, குறிப்பாகப் புதியம்புத்தூரை, முன்னே வைத்துக்கொண்டு அதே வரலாற்றைப் படித்தால், பெருநகர வரலாறுகளில் ஓரமாகக் கிடந்த ஒரு செய்தி நடுவுக்கு வந்துவிடுகிறது. வேலை முடிந்து வந்து தங்கும் இடமே வீடு என்ற எண்ணத்தின் மேல்தான் ஏறக்குறைய எல்லாத் திட்டங்களும் எழுந்தன. ஆனால் யாருக்காக அவை எழுந்தனவோ அந்த மக்களில் பெரும்பகுதியினருக்கு வீடே வேலைத்தலமாக இருந்தது.

தூத்துக்குடிக்கு வடமேற்கே ஓட்டப்பிடாரம் வட்டத்தில் அமைந்துள்ள புதியம்புத்தூர், ஆயத்த ஆடைக்குப் பெயர்பெற்ற ஊர். இத்தொழில் ஒரே கூரையின்கீழ் நடைபெறுவதில்லை. மொத்தமாக வரும் துணியைப் பல மடிப்பாக அடுக்கி, மேலே அட்டை அளவை வைத்துக் கோடிட்டு, கட்டிங் இயந்திரத்தால் அறுக்கும் வேலை உற்பத்தியாளரின் கூடத்தில் நடக்கிறது. அறுத்த துண்டுகள் அளவுவாரியாகக் கட்டுகளாகி, தைப்பவர்களின் வீடுகளுக்குப் போகின்றன. அங்கே தைத்து, ஓவர்லாக் அடித்து, காஜா எடுத்து, பட்டன் கட்டி, பிசிறு வெட்டிய பின், தேய்த்து மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கும் வேலைக்காகத் திரும்பவும் கூடத்துக்கு வருகின்றன. கூலி பீஸ் கணக்கில். ஆகவே புதியம்புத்தூரின் தெருக்களில் ஒரு வீட்டின் முன்னறை தையல் கூடமாகவும், அடுத்த வீட்டின் நடை பிசிறு வெட்டும் இடமாகவும், மாடி சரக்கு அடுக்கும் இடமாகவும் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் இரவு நெடுநேரம் வரை மோட்டார் ஓசை கேட்கும். மின்மோட்டார் பொருத்திய ஒரு தையல் மேசையின் பலகை ஏறக்குறைய நாலடி நீளமும் இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்டது. தைப்பவரின் முக்காலிக்கும் வெட்டிய கட்டுக்கும் தைத்த குவியலுக்கும் இடம் சேர்த்தால் ஓர் இயந்திரம் முப்பது சதுர அடிக்கு மேல் பிடித்துக்கொள்ளும். இந்த முப்பது சதுர அடி எந்த வீட்டுவசதித் திட்டத்தின் வரைபடத்திலாவது காணப்படுகிறதா என்பதே இச்சொற்பொழிவு ஆராயும் கேள்வி.

கரிசல் வட்டாரத்தில் வீடும் தொழிலும் ஒரே சுவருக்குள் இருப்பது ஆயத்த ஆடையோடு வந்த புதுப் பழக்கமன்று. வானம் பார்த்த நிலத்தில் பருத்தியும் கம்பும் சோளமும் ஆண்டின் ஒரு பகுதிக்கே வேலை தருபவை. எஞ்சிய மாதங்களுக்குக் குடும்பம் வேறு வேலையை வீட்டுக்குள் கொண்டுவந்தாக வேண்டும். நெசவாளர் வீட்டில் குழித்தறி, அதாவது நெய்பவர் கால் மிதிப்பதற்காகத் தரையில் பள்ளம் தோண்டி அமைக்கும் தறி, வீட்டின் நடுக்கூடத்தையே பிடித்துக்கொண்டது. பாவு ஓடுவதற்குத் தெரு முழுவதும் தேவைப்பட்டது. தீப்பெட்டித் தொழில் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கம் பரவியபோது, மருந்து முக்கும் வேலை ஆலையில் இருக்க, பெட்டி ஒட்டும் வேலை திண்ணைகளுக்கும் முற்றங்களுக்கும் வந்து சேர்ந்தது. திண்ணையைத் தமிழர் விருந்தோம்பலின் சின்னமாக மட்டும் போற்றும் கட்டுரைகள் ஏராளம்; அது ஒரு வேலைமேடை என்பதைச் சொல்பவை குறைவு.

இவ்வட்டாரத்தின் வணிகர்கள் தாங்களாகவே அமைத்துக்கொண்ட ஊரமைப்பும் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கேயிருந்து வறண்ட வடபகுதிக்கு வண்டிகளில் சரக்கு கொண்டுசென்ற நாடார் வணிகர்கள், வழித்தடத்தில் பேட்டைகளை அமைத்தனர். பேட்டை என்பது சுற்றுச்சுவரும் கிணறும் வண்டி நிறுத்தும் வெளியும் சரக்கு அடுக்கும் கொட்டகையும் கொண்ட காப்பிடம். விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சிவகாசி, திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்கள் இவ்வாறு வளர்ந்தவற்றுள் முதன்மையானவை. சரக்கின் மீது மகமை என்ற பொதுவரியை வணிகர்களே தங்களுக்குள் விதித்துக்கொண்டு, உறவின்முறை என்ற சமூக மன்றத்தின் வழியாக அப்பணத்தில் கிணறும் சந்தையும் பள்ளியும் ஏற்படுத்தினர். விருதுநகரில் 1885இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை இவ்வழியில் வந்தது. பேட்டையைச் சுற்றி எழுந்த வீடுகள் முன்னே கடை, பின்னே குடியிருப்பு, இடையே சரக்கறை என்ற அமைப்புக் கொண்டவை. இந்த ஏற்பாடு ஒரு சமூகத்தின் எல்லைக்குள் நின்றுவிட்டது என்பதையும், அந்த எல்லையே 1899ஆம் ஆண்டின் சிவகாசிக் கலவரம் போன்ற மோதல்களுக்கிடையே இறுகியது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் வரி, நிலம், நீர், தொழில் நான்கையும் ஒரே கணக்கில் வைத்த ஊரமைப்பாகப் பேட்டையைக் கொண்டால், பின்னால் வந்த அரசுத் திட்டங்களில் எது குறைந்தது என்பது தெளிவாகத் தெரியும்.

அரசு ஓர் ஊரையே இல்லாமலாக்கிய நிகழ்வும் இம்மண்ணுக்கு அன்னியமன்று. புதியம்புத்தூருக்கு அருகிலுள்ள பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை 1799 செப்டம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி பானர்மனின் படையால் தாக்கப்பட்டு, அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பின், 1801இல் அவர் தம்பி ஊமைத்துரையின் ஆட்களால் மண்சுவர் கொண்டே விரைவாக மறுபடி எழுப்பப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் அக்னியூவின் படையிடம் வீழ்ந்ததும் தரைமட்டமாக்கப்பட்டது. 1974இல் தமிழக அரசு அங்கே நினைவுக்கோட்டை கட்டியது. 1801இன் அந்த இடிப்பைப் போர்த்தண்டனை என்றே வகைப்படுத்த வேண்டும். எனினும் குடியிருப்பை அகற்றுவதன் மூலம் குடிமக்களை ஒழுங்குபடுத்தலாம் என்ற எண்ணம் நகரமைப்புச் சட்டங்களுக்கு முன்பே ஆட்சியாளர்களிடம் இருந்தது என்பதற்கு அது சான்றாகிறது.

அந்த எண்ணத்துக்குச் சுகாதாரம் என்ற புதிய காரணத்தைத் தந்தது கொள்ளைநோய். 1896இல் பம்பாயில் பிளேக் பரவியதைத் தொடர்ந்து 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டு, நெருக்கமான குடியிருப்புகளை இடித்து அகலமான சாலைகளை வெட்டத் தொடங்கியது. 1853 முதல் 1870 வரை பாரிஸ் நகரைக் குறுக்கும் நெடுக்குமாக அறுத்துப் பெருஞ்சாலைகள் அமைத்த ஓஸ்மானின் முறைதான் அதற்கும் முன்மாதிரி. இடிக்கப்பட்ட வீடுகளின் மக்கள் அருகிலிருந்த அடுத்த நெரிசலுக்குள் புகுந்தனர். நெரிசல் இடம் மாறியதே தவிரக் குறையவில்லை.

இந்த முறையை எதிர்த்து இந்திய மண்ணிலேயே வாதாடியவர் ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடஸ் (1854–1932). அடிப்படையில் உயிரியலாளரான அவர், சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின் பேரில் 1914இல் வந்தார். அவர் அனுப்பிவைத்த நகரமைப்புக் கண்காட்சியின் படங்களும் வரைபடங்களும் இருந்த கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்துவிட, நண்பர்கள் அவசரமாகத் திரட்டித் தந்த வேறொரு தொகுப்பைக் கொண்டு 1915இல் சென்னையில் கண்காட்சி நடந்தது. சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்க் கலன்களைச் சுட்டதற்காகவே தமிழர் நினைவில் நிற்கும் எம்டனுக்கு இப்படியொரு பங்கும் உண்டு என்பது பலர் அறியாதது. மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட மாகாணத்து ஊர்களை நடந்தே சுற்றிப் பார்த்து அவர் எழுதிய அறிக்கைகள், இடிப்பதை விடச் சீர்செய்வதை முன்வைத்தன. காக்கும் அறுவை என்று தமிழில் சொல்லத்தக்க அவரது முறை, நெரிசலான தெருவில் மிகவும் பழுதுபட்ட ஓரிரு வீடுகளை மட்டும் அகற்றி, அவ்விடத்தைச் சிறு வெளியாக்கி, மரம் நட்டு, கிணற்றைத் துப்புரவாக்கி, மற்ற வீடுகளை அப்படியே விட்டுவிடுவது. தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நேர்க்கோட்டுச் சாலைகளை வெட்ட நகராட்சி வகுத்திருந்த திட்டத்துக்கு மாற்றாக, மிகக் குறைந்த செலவில், மிகச் சில வீடுகளை மட்டும் தொட்டு அதே காற்றோட்டத்தைப் பெறலாம் என்று அவர் வரைந்து காட்டினார். வளைந்து செல்லும் சந்து குழப்பத்தின் விளைவன்று, அங்கு வாழ்ந்தவர்களின் நடமாட்டத்தாலும் தேவையாலும் உருவானது என்பது அவர் கருத்து. திட்டம் வகுப்பதற்கு முன் மக்கள் என்ன வேலை செய்கிறார்கள், எங்கே செய்கிறார்கள் என்பதை நேரில் பார்த்து எழுத வேண்டும் என்பதையே அவர் முதல் விதியாக வைத்தார். இடம், வேலை, மக்கள் என்ற மூன்றையும் பிரிக்காமல் படிக்கச் சொன்ன அந்த விதி சட்டமாகவில்லை. அவரது வருகைக்குப் பின் வந்த 1920ஆம் ஆண்டுச் சென்னை நகரமைப்புச் சட்டம் நில அளவை, சாலைக் கோடு, மேம்பாட்டு வரி ஆகியவற்றைப் பற்றியே பெரிதும் பேசியது.

அக்காலத்திலேயே மேற்கே வேறொரு கருத்து வலுப்பெற்றிருந்தது. 1891இல் பிராங்ஃபர்ட் நகரம் தன் நிலப்பரப்பைப் பயன்பாட்டு வட்டாரங்களாகப் பிரித்தது. குடியிருப்பு வட்டாரத்தில் ஆலை கூடாது, ஆலை வட்டாரத்தில் குடியிருப்பு கூடாது என்ற இந்த ஏற்பாடே மண்டலப் பகுப்பு எனப்படுகிறது. 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில் இதனைச் செல்லும் என்று ஏற்றது. 1933இல் நவீனக் கட்டடக் கலைஞர்களின் மாநாடு, குடியிருத்தல், வேலை, பொழுதுபோக்கு, போக்குவரத்து என நகரத்தின் வேலைகளை நான்காகப் பகுத்து, பின்னாளில் ஏதென்ஸ் சாசனம் என்ற பெயரில் வெளியான கொள்கையாக்கியது. அதன் முதன்மைக் குரலான லெ கார்புசியே 1950களில் சண்டிகரை வரைந்தார். புகையும் தோல் கழிவும் கக்கிய ஆலைகளை நினைத்துப் பார்த்தால் இந்தப் பகுப்புக்கு நியாயம் இருந்தது. தீப்பெட்டி மருந்தும் பட்டாசு மருந்தும் குடியிருப்புக்கு நடுவில் இருக்கலாகாது என்பதைச் சிவகாசியும் சாத்தூரும் அறிந்த அளவுக்கு வேறெந்த ஊரும் அறியாது. தவறு நேர்ந்தது மருந்துக் கூடத்துக்கும் தையல் மேசைக்கும் ஒரே விதியை எழுதியபோது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டமும் அதன்கீழ் வரையப்பட்ட முழுமைத் திட்டங்களும் இந்தப் பகுப்பையே ஏற்றன. குடிசைத்தொழில் என்ற சிறு விலக்கு மட்டும் மின்திறன் வரம்போடு வைக்கப்பட்டது. மண்டலப் பகுப்பின் வலு எவ்வளவு என்பதற்குச் சென்னையே விடை சொல்லும்: 1920களில் மாம்பலம் ஏரிப் பகுதியில் குடியிருப்புக்காகவே வகுக்கப்பட்ட தியாகராய நகர், இன்று மாநிலத்தின் பெரிய துணிக்கடை வீதிகளைக் கொண்டிருக்கிறது.

பொது வீட்டுவசதியின் பெருங்காலம் தமிழகத்தில் 1961இல் வீட்டுவசதி வாரியத்தோடும், 1970இல் குடிசை மாற்று வாரியத்தோடும் தொடங்குகிறது. மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது அமைந்த குடிசை மாற்று வாரியத்துக்கு இராம. அரங்கண்ணல் தலைவராக இருந்தார். 1971இல் குடிசைப்பகுதி மேம்பாட்டு, அகற்றுதல் சட்டம் வந்தது. அந்நாளில் எடுக்கப்பட்ட கணக்கில் சென்னையில் 1,202 குடிசைப்பகுதிகள் இருந்தன. தீப்பற்றும் ஓலைக் கூரைக்குப் பதிலாகக் கான்கிரீட் தளம், அதுவும் முன்பு வாழ்ந்த அதே இடத்திலோ அருகிலோ என்பது தொடக்ககால வாரியத்தின் போக்கு. மெரினாவுக்குத் தெற்கே நொச்சிக்குப்பத்தில் மீனவர்களுக்கு எழுந்த அடுக்குக் குடியிருப்பு அத்தகையது. கடல் அருகிலேயே இருந்ததால் தொழில் பிழைத்தது. ஆனால் வலை உலர்த்தவும் மீன் விற்கவும் வரைபடத்தில் இடமில்லாததால் படிக்கட்டும் சாலையோரமுமே அவ்விடமாயின. 2023இல் கடற்கரை இணைப்புச் சாலையின் மீன் கடைகளை அகற்றும் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, மீனவப் பெண்கள் சாலையில் அமர்ந்து போராடியதற்கான வேர், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வரைந்த அந்த வரைபடத்தில் இருந்தது எனலாம்.

வாரியத்தின் கட்டடங்களால் தேவையை எட்ட முடியாது என்பது விரைவிலேயே தெரிந்தது. 1977இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனையும் வசதியும் என்ற முறையைக் கொண்டுவந்தது. அரசு வீடு கட்டித் தராது. மனை பிரித்து, சாலை, குடிநீர், கழிவுநீர், மின்சாரம் ஆகியவற்றை அமைத்து, ஏழைகளின் சிறு மனையில் கழிப்பறையும் ஓர் அறையின் தொடக்கமும் மட்டும் எழுப்பிக் கொடுத்துவிடும். மீதியைக் குடும்பம் தன் வசதிக்கேற்ப ஆண்டுக்கணக்கில் கட்டிக்கொள்ளும். பெரிய மனைகளை வசதியானவர்களுக்கு விற்ற பணம் சிறு மனைகளின் விலையைக் குறைத்தது. மனைகள் நீண்டநாள் வெறுமையாகக் கிடந்ததால் உலக வங்கி உட்படப் பலரும் இதைத் தோல்வி என்று கைவிட்டனர். இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே பகுதிகளை ஆராய்ந்தவர்கள், கலந்த வருவாயினர் வாழும், கடையும் பட்டறையும் வாடகை அறையும் நிறைந்த உயிர்ப்பான பேட்டைகளைக் கண்டனர். காரணம் எளியது. முன்னறையைக் கடையாக்கவும், மாடியை வாடகைக்கு விடவும், பின்னால் ஒரு தையல் இயந்திரம் போடவும் மனை இடங்கொடுத்தது. நான்காம் மாடியில் பூட்டிய இரண்டு அறை அதற்கு இடங்கொடாது. தமிழகப் பொது வீட்டுவசதி வரலாற்றில் மிகச் சிறப்பாக உழைத்த திட்டம் எதுவென்றால், வீட்டைக் கட்டாமல் விட்ட இந்தத் திட்டமே.

அத்தகைய திட்டத்தைக் கைவிட்டபின் நடந்தது கண்ணகி நகர். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் 2000ஆம் ஆண்டு முதல் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட அடுக்கக வீடுகள் எழுந்தன. பின்னர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். நகரின் உட்பகுதியில் ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் இருந்த குடும்பங்கள் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி வைக்கப்பட்டன. ஆண்களுக்குப் பேருந்துச் செலவு கூடியது. பெண்களுக்கு வேலையே போயிற்று. காலை ஒரு வீடு, மாலை ஒரு வீடு என்று வீட்டுவேலை செய்தவரும், தெருமுனையில் இட்லி விற்றவரும், பூக்கட்டியவரும் செய்த தொழில், அருகில் உள்ளவர்களை நம்பிய தொழில்; அந்த அருகாமை இல்லாமல் அது நடவாது. இதனை அதிகாரிகளின் அலட்சியம் என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. நகரத்துக்குள் நிலத்தின் விலை ஏறிய வேகத்தில், பணத்தைக் கணக்கிட்டவர்களுக்கு வெளியே போவதே சிக்கனமாகத் தெரிந்தது. அவர்கள் போட்ட கணக்கில் பெண்களின் வருமானம் ஒரு வரியாகக்கூட இடம்பெறவில்லை. 2021இல் வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாற்றப்பட்டது.

அடுக்குமாடியே குற்றவாளி என்று முடிவு செய்வோரும் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1950களில் எழுந்து 1972 முதல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட புரூயிட்–ஐகோ குடியிருப்பின் 33 கட்டடங்களை அவர்கள் காட்டுவர். அங்கே கட்டடத்தை விட, பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காததும் நகரத்து ஆலை வேலைகள் மறைந்ததுமே பெருங்காரணங்கள். அடுக்குமாடியிலேயே வெற்றி கண்ட சிங்கப்பூர் இதற்கு மறுபக்கம். 1960இல் அமைந்த அதன் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், 1961இல் புக்கிட் ஹோ சுவீயில் நடந்த பெருந்தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்ததைத் தொடர்ந்து வேகமெடுத்தது. தமிழர்களும் குடியேறிய அந்தக் கட்டடங்களைப் புகழ்வோர் கவனிக்காத ஒன்று, அவற்றின் அருகிலேயே அந்நாட்டு அரசு எழுப்பிய அடுக்குத் தொழிற்கூடங்கள். தாங்லின் ஹால்ட் போன்ற பேட்டைகளில் 1960களிலேயே, பல மாடிக் கட்டடத்தில் சிறுசிறு தொழிற்கூடங்களை அமைத்து, குடியிருப்பிலிருந்து நடந்துபோகும் தொலைவில் பெண்களுக்கு வேலை கிடைக்கச் செய்தனர். வீட்டிலிருந்து வேலையைப் பிரித்தாலும், நடைதூரத்துக்கு அப்பால் அதைத் தள்ளவில்லை.

வீட்டையும் வேலையையும் சேர்த்தாலே போதும் என்பதும் சரியன்று. இலங்கை மலையகத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்க்குக் கிடைத்த லயன் அறை, வேலையோடு சேர்ந்தே வந்த வீடு. வேலை போனால் அறையும் போகும் என்பதால் அது பிடிமானமாகாமல் பிணைப்பாயிற்று. மதுரையில் ஹார்வி ஆலை தன் தொழிலாளர்களுக்கு அமைத்த ஹார்விபட்டி அதனினும் மேலான ஏற்பாடு. எனினும் முதலாளியே வீட்டுக்காரராக இருக்கும் முறையின் சிக்கல் அதற்கும் பொருந்தும். வேலை செய்ய இடங்கொடுக்கும் வீடு வேறு, வேலை கொடுப்பவரின் வீடு வேறு.

ஊர்ப்புறத் திட்டங்களுக்கு வரும்போது, அளவுகள் தாமே பேசுகின்றன. 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் வீட்டின் பரப்பு 300 சதுர அடி. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத்தில் 360 சதுர அடி, அதில் 300 கான்கிரீட் கூரையும் 60 தீப்பிடிக்காத வேறு கூரையும் கொள்ளலாம். கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை என்று பிரித்த பின் இரண்டு தையல் இயந்திரம் போட்டால், குழந்தைகள் படிக்கும் இடமும் பாய் விரிக்கும் இடமும் அவற்றோடு போட்டியிட வேண்டியிருக்கும். கான்கிரீட் அல்லாத அந்த 60 சதுர அடி, வேலைக்கூடமாகத் தக்க அளவுதான். திட்டம் அதை அப்படிச் சொல்லவில்லை, வீட்டுக்காரர் செய்துகொண்டால் உண்டு. நெசவாளர் விஷயத்தில் மட்டும் அரசு ஒருமுறை விழித்துக்கொண்டது: 1980களின் நடுவில் வந்த மத்திய அரசுத் திட்டம் வீட்டையும் தறிக்கூடத்தையும் ஒரே வரைபடத்தில் வைத்தது. தறிக்குத் தந்த அந்த இடம் தையல் இயந்திரத்துக்குத் தரப்படாததற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் இல்லை. கைத்தறிக்குத் தனித் துறை இருந்தது, தையலுக்கு இல்லை என்பதே நடைமுறைக் காரணமாக இருந்திருக்கக்கூடும்.

கரிசல் மண்ணில் வேறொரு தொல்லையும் சேர்கிறது. மழையில் உப்பி, கோடையில் சுருங்கிக் கைநுழையும் அளவுக்கு வெடிக்கும் இம்மண், தன் மேலுள்ள சுவரையும் கூடவே தூக்கி இறக்கும். மாநிலம் முழுவதற்கும் ஒரே அடித்தள வரைபடத்தை அனுப்பினால், செம்மண்ணில் முப்பது ஆண்டு நிற்கும் வீடு இங்கே சில பருவங்களிலேயே மூலையிலிருந்து கோணலாக விரிசல் விடும். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்காகவே குமிழ்க்கால் அடித்தளம் என்ற முறையை உருவாக்கியது: ஏறத்தாழ மூன்றரை மீட்டர் ஆழத்துக்கு, ஈரப்பதம் பருவத்துக்குப் பருவம் மாறாத அடுக்குவரை துளையிட்டு, அடிப்பகுதியைக் குமிழ்போல் அகலமாக்கிக் கம்பியும் கான்கிரீட்டும் இட்டு, மேலே உத்தரம் ஓட்டிச் சுவர் எழுப்புவது. செலவு கூடும் என்பதால் மானியத் தொகை அதற்கு ஈடாவதில்லை; கொத்தனார்கள் ஆழமாகத் தோண்டி, கரிசலை எடுத்துவிட்டு மணலோ கிராவலோ நிரப்பிச் சமாளிப்பர். மோட்டார் பொருத்திய இயந்திரங்கள் நாள்முழுதும் ஓடும் வீட்டில் தளம் ஒரே மட்டமாக நிற்பது அழகுக்காக மட்டும் வேண்டப்படுவதன்று.

இவ்வட்டாரத்தில் வீட்டுமனை என்பது சாதியின் கேள்வியும்கூட. ஆதிதிராவிடர் வீட்டுவசதிக்காக 1974இல் தாட்கோ அமைந்தது. மனைகள் கிடைத்தன, ஆனால் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, பழைய பிரிவினையை ஒட்டியே கிடைத்தன. தென்மாவட்டச் சாதிக் கலவரங்களின் பின்னணியில் 1997இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவுச் சமத்துவபுரம், நூறு வீடுகளைப் பல சாதியினருக்கும் பங்கிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து சென்ட் மனை தந்தது. கலந்து வாழ்வது எவ்வளவு கைகூடியது என்பதை விவாதிக்கலாம். ஐந்து சென்ட் என்பது ஏறத்தாழ 2,178 சதுர அடி என்பதையும், ஆட்டுக்கொட்டில், பட்டறை, பின்னாளில் மகன் கட்டும் தனியறை எல்லாவற்றுக்கும் அது இடங்கொடுத்தது என்பதையும் விவாதிக்க வேண்டியதில்லை. வெளியூர்த் துணியை எடுத்து வந்து தைத்துக் கொடுக்கும் தொழிலில் தலித் குடும்பங்கள் நுழைவதற்கு, கடைத்தெருவிலிருந்து மனை எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது கடனுதவியின் அளவுக்கு முக்கியமான ஒன்று.

இன்று புதியம்புத்தூர் போன்ற ஊர்களுக்குச் சொல்லப்படும் தீர்வு ஜவுளிப் பூங்கா. குறைந்த பரப்பிலேயே சாலை, கழிவுநீர், பொதுக்கூடம் ஆகியவற்றுக்கு மானியம் தரும் சிறு ஜவுளிப் பூங்காத் திட்டம் மாநிலத்தில் உண்டு. வெட்டும் கூடத்துக்கும் தேய்க்கும் கூடத்துக்கும் சரக்குக் கிடங்குக்கும் அது பெரிதும் பயன்படும். வீட்டின் மின் இணைப்பு ஒரு கட்டணத்திலும் தொழில் இணைப்பு வேறொரு கட்டணத்திலும் இருப்பதால் வரும் குழப்பமும் தீரும். துணிக் குவியலுக்கு நடுவே உறங்கும் தீ அபாயம் குறையும். ஆனால் தையல் வேலையை முழுவதும் அங்கே கொண்டுபோக வேண்டும் என்று திட்டமிட்டால், உலை கொதிக்கும்போது நாலு பீஸ் தைத்து, பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் எழுந்துகொள்ளும் பெண்கள் வேலையிலிருந்து விலக நேரிடும்; கண்ணகி நகரில் நடந்தது இடம் மாறி இங்கே நடக்கும். பூங்காவை நெடுஞ்சாலையோரத்து மலிவு நிலத்தில் வைப்பதா, ஊரை ஒட்டி நடைதூரத்தில் வைப்பதா என்பதில்தான் முடிவு தங்கியுள்ளது. நிலம் தேர்வு செய்யும் குழுவில் தைப்பவர்கள் யாரும் இருப்பதில்லை.

தைப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைக் கண்டறிவது கடினமான வேலையும் அன்று. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப்பட்டியல், ஒவ்வொரு கட்டடத்தின் பயன்பாட்டையும் கேட்கும்போது, குடியிருப்பு என்பதோடு குடியிருப்பும் பிற பயன்பாடும் என்ற தனி வகையையும் வைத்திருக்கிறது. கணக்கெடுப்பவர் ஒரு வீட்டின் முன்னறையில் இயந்திரத்தைக் கண்டால் அந்த வகையில்தான் குறிக்க வேண்டும். ஆனால் பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டத்துக்குப் பயனாளிகளைத் தேர்ந்த 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் முதன்மையாகக் கொள்ளப்பட்டவை கூரை எதனால் ஆனது, சுவர் எதனால் ஆனது, அறைகள் எத்தனை என்பவையே. வீட்டை எண்ணும் பட்டியலில் இருக்கும் அந்த வகை, வீட்டைத் தரும் பட்டியலில் இன்னும் இடம்பெறவில்லை.